எட்டாக் கனிக்கு ஏணி

புதுமை காண வேண்டும் என்னும் வேட்கை மாந்தரோடு உடன்பிறந்தது. நெருப்பைக் கடைந்தெடுத்தோனும், உருளையைக் கண்டோனும், ஓடம் சமைத்தோனும் இன்னார் என நாம் அறியோம். அவர்கள் தனித்து உழைத்தனர். தம் உள்ளத்தெழுந்த கருத்தைத் தம் கைகளாலேயே செய்து பார்த்தனர். பிற்காலத்தே, புதுமை காண்டலையே ஒரு தொழிலாகக் கொண்டு, பலர் ஓரிடத்தே கூடியிருந்து உழைக்கும் முறை தோன்றிற்று. அம்முறையின் இற்றைநாள் வடிவங்களுள் வியக்கத்தக்கதாகிய ஒன்றைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாகாணத்து மவுண்டன் வியூ நகரில் உள்ள 'எக்ஸ்' என்னும் ஆராய்ச்சிச்சாலையே அது.

இதன் சிறப்பை உணர்தற்கு இதன் முன்னோரை அறிதல் வேண்டும். 1876ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், நியூ ஜெர்சி மாகாணத்து மென்லோ பார்க் என்னும் சிற்றூரில் ஒரு பணிமனை அமைத்தார். கொல்லர், கண்ணாடி ஊதுவோர், கணிதம் வல்லோர் எனப் பல திறத்தாரையும் அவர் ஒருங்கு சேர்த்தார். ஒலிவரைவிப் பெட்டி 1877இலும், நெடுநேரம் நின்றெரியும் மின்விளக்கு 1879இலும் அவ்விடத்தே உருப்பெற்றன. 1925இல் பெல் தொலைபேசி ஆராய்ச்சிச்சாலை நிறுவப்பெற்றது. இக்காலத்து மின்னணுக் கருவிகளுக்கெல்லாம் வித்தாகிய டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் ஆண்டுப் பிறந்தது. 1970இல் ஜெராக்ஸ் கம்பெனியார் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆராய்ச்சிச்சாலை கண்டனர். ஒருவர் தமக்கெனப் பயன்படுத்தும் 'ஆல்டோ' என்னும் கணிப்பொறி அங்கு 1973இல் இயங்கிற்று. ஆயினும் அதனால் விளைந்த செல்வத்தின் பெரும்பகுதியைப் பிற கம்பெனியாரே துய்த்தனர். மரம் வைத்தவர் ஒருவர், கனி உண்டவர் வேறொருவர் ஆயினர்.

இம்மரபில் வந்ததே எக்ஸ். கூகிள் கம்பெனியார் இதனை 2010இல் தோற்றுவித்தனர். முதற்கண் இதனை நடத்தியவர் செபாஸ்டியன் திரன் என்னும் பேராசிரியர். அவருக்குப் பின் ஆஸ்ட்ரோ டெல்லர் என்பார் தலைமை ஏற்றார். 2015இல் கூகிளும் அதன் கிளைகளும் ஆல்ஃபபெட் என்னும் தாய்க் கம்பெனியின் கீழ் வகுக்கப்பெற்றபோது, 'கூகிள் எக்ஸ்' என வழங்கிய இது 'எக்ஸ்' எனச் சுருங்கிய பெயருடன் அத்தாய்க் கம்பெனியின் நேர்க் கிளையாயிற்று. முன்னாளில் பெரியதோர் அங்காடியாக இருந்த கட்டடத்திலேயே இவ்வாராய்ச்சிச்சாலை அமைந்தது. கணிதத் தெரியாத தன்மையைக் குறிக்க எக்ஸ் என்னும் எழுத்தை இடுதல் போல, விடை காணப்படாத வினாக்களை நாடும் இவ்விடத்துக்கும் அப்பெயர் பொருத்தமாகவே உளது.

இங்கு எடுத்துக்கொள்ளும் முயற்சிகளை 'நிலவுப் பயணம்' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். 1961இல் ஜனாதிபதி கென்னடி, பத்தாண்டுகள் முடியுமுன் மனிதனை நிலவில் இறக்குவோம் என்று உறுதி கூறினார். 1969இல் அது நிறைவேறிற்று. அதனை நினைந்து இட்ட பெயர் இது. ஒரு கருத்து இங்கு ஏற்கப்பெறுவதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். கோடிக்கணக்கான மக்களை வருத்தும் ஓர் இடர் இருத்தல் ஒன்று. அதனை அடியோடு போக்கவல்லதும் முன் எவரும் துணியாததுமான வழி இருத்தல் இரண்டு. அவ்வழி வெறுங்கனவாகாமைக்கு அறிவியலில் ஒரு பற்றுக்கோடு இருத்தல் மூன்று. முதலது மட்டும் இருப்பின் அது அறப்பணி. இரண்டாவது மட்டும் இருப்பின் அது கற்பனைக் கதை. மூன்றும் கூடிய இடத்தேதான் இவர்கள் கைவைப்பர்.

இவ்வாறு தொடங்கிய முயற்சிகளுட் சில நன்கு பலித்தன. ஓட்டுநரின்றித் தானே செல்லும் மோட்டார் வண்டி கூகிளில் 2009இல் தொடங்கி, எக்ஸில் வளர்ந்து, 2016இல் 'வேமோ' என்னும் தனிக் கம்பெனியாயிற்று. 2020இல் அரிசோனா மாகாணத்து பீனிக்ஸ் நகர்ப் பகுதியில் ஓட்டுநர் இருக்கையில் ஒருவருமின்றியே பொதுமக்களை ஏற்றிச் செல்லலாயிற்று. மூளையின் நரம்புப் பின்னலை ஒருவாறு பின்பற்றிய கணிப்பொறி முறையும் எக்ஸில் 2011இல் தொடங்கியதே. ஆங்கு 1,000 கணிப்பொறிகளை ஒன்றாகப் பிணைத்து, 1 கோடி படங்களை அவற்றுக்குக் காட்டினர்; இன்னது பூனை என எவரும் கற்பியாதிருக்கவும், அப்பின்னலில் ஒரு பகுதி பூனை முகத்தை அடையாளங் கண்டுகொண்டது. இச்செய்தி 2012இல் வெளிவந்து அறிஞருலகை வியப்பில் ஆழ்த்திற்று.

நிற்க. வென்றவற்றை மட்டும் எண்ணிப் புகழ்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்த ஆராய்ச்சிச்சாலையும் வெற்றியைக் காட்டித் தோல்வியை மறைக்கும். எக்ஸிடம் நாம் கற்கத்தக்கது, அஃது ஒரு முயற்சியை எவ்வாறு நிறுத்துகிறது என்பதே. தொடங்குதல் எளிது, நெடுநாள் உழைத்ததொன்றை உரிய காலத்தில் விடுதல் மிக அரிது. பொருளும் புகழும் அதனோடு பிணைந்துவிடுகின்றன. 'இத்துணைச் செலவிட்டோமே' என்னும் எண்ணமே மேலும் செலவிடத் தூண்டுகிறது. இம்மயக்கத்திற்கு அவர்கள் கண்ட மருந்து யாது?

இதனை விளக்க டெல்லர் ஓர் உவமை கூறுவது வழக்கம். ஒரு குரங்கை உயர்ந்த மேடைமேல் நிறுத்தி ஷேக்ஸ்பியரின் நாடக வரிகளை ஒப்பிக்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குரங்குக்குப் பாடம் கற்பித்தலை முதலில் தொடங்குவதா? மேடை கட்டுதலை முதலில் தொடங்குவதா? பெரும்பாலோர் மேடையையே கட்டுவர். என்னை? மேடை கட்டுதல் எவர்க்கும் இயலும். ஒரு திங்களில் முடித்து, மேலதிகாரியிடம் காட்டிப் பாராட்டும் பெறலாம். ஆனால் குரங்கு பேசாதெனின் மேடையால் ஆவதென்? ஆதலின் அரியதையே முதலில் தொடுக என்பது அவர் கருத்து. அரியது முடியாதெனத் தெளிந்தால் அன்றே விட்டுவிடலாம், இழப்பும் சிறிதாம். ஆழமறியாமல் காலை விடாதே என்னும் நம் நாட்டுப் பழமொழியினும் இஃது ஒரு படி மேற்செல்கின்றது. ஆறு முழுவதிலும் ஆழமான இடம் எதுவோ, அதனையே முதலில் கோலிட்டுப் பார் என்கின்றது.

இவ்விதி செயற்பட்ட முறைக்கு 'ஃபாக்ஹார்ன்' என்னும் முயற்சி நல்ல சான்று. கடல்நீரில் கரியமிலவாயு மிகுதியாகக் கரைந்துள்ளது. அதனைப் பிரித்தெடுத்து, நீரை மின்சாரத்தால் பகுத்துப் பெறும் ஹைட்ரஜனோடு சேர்த்தால், வண்டிகளை இயக்கவல்ல மெத்தனால் என்னும் எரிபொருள் கிடைக்கும். எரிக்கும்போது வெளிப்படும் வாயு, முன்பு கடலிலிருந்து எடுத்ததேயாதலின், உலகின் வெப்பத்தை மிகுவிக்கும் புதுச்சுமை உண்டாகாது. இதனினும் இனிய கருத்து வேறுண்டோ? ஆய்வுக்கூடத்தில் இம்முறை பலிக்கவும் செய்தது. ஆயினும், ஒரு காலன் பெட்ரோலுக்கு ஈடாகும் அளவை 5 டாலர் விலைக்குள் ஆக்க இயலாதெனின் முயற்சியைக் கைவிடுவோம் என்று அக்குழுவினர் தொடக்கத்திலேயே தமக்கு ஓர் எல்லை வகுத்திருந்தனர். பெட்ரோலின் விலை வீழ்ந்தது. ஹைட்ரஜனை ஆக்கும் செலவோ குறையவில்லை. 2016இல் அக்குழுவினர் தாமே நிறுத்துக என்றனர். அவர்களுக்குக் கம்பெனி வெகுமதி அளித்தது. தாம் கண்டவற்றை அறிவியற் கட்டுரையாக வெளியிட்டு, பின்வருவோர் அதே வழியில் இருட்டில் தடவாதவாறு விளக்கேற்றி வைத்தனர்.

விலையால் நின்றது அது. இயற்கையின் இயல்பால் நின்றது மற்றொன்று. நீரிழிவு நோயாளர் குருதியின் சர்க்கரையளவை அறிய நாடோறும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அத்துன்பம் நீங்க, கண்மணிமேல் ஒட்டி அணியும் மெல்லிய வில்லையில் நுண்கருவி பதித்து, கண்ணீரிலுள்ள சர்க்கரையை அளக்கலாம் என்று 2014இல் அறிவித்தனர். எக்ஸிலிருந்து பிரிந்த 'வெரிலி' என்னும் கம்பெனியார் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். கருவியை அத்துணைச் சிறிதாக்கியது பெருந்திறமையே. ஆனால் கண்ணீரின் சர்க்கரையளவு குருதியின் அளவோடு நம்பத்தக்க முறையில் ஒத்துச் செல்லவில்லை. 2018இல் முயற்சி நின்றது. கருவி மேடை; உடலின் இயல்பே குரங்கு. மேடை எத்துணை அழகியதாயினும் குரங்கு பேசவில்லை.

இனி, எக்ஸின் முயற்சிகளுள் மக்கள் உள்ளத்தை மிகவும் கவர்ந்ததும், நமக்கு மிகுந்த சிந்தனை தருவதும் ஆகிய 'லூன்' என்பதைப் பார்ப்போம். மலையும் காடும் தீவும் பரந்த நாடுகளில் தொலைபேசிக் கோபுரம் நாட்டுவதற்குச் செலவு மிகும். அவ்விடத்து மக்களுக்கு இணையத் தொடர்பு கிட்டாது. கோபுரத்தை மண்ணில் நாட்டுவதற்கு மாறாக வானில் மிதக்கவிட்டால் என்ன என்று இவர்கள் எண்ணினர். 2013 ஜூன் மாதத்தில் நியூஜிலாந்தின் கான்டர்பரிப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 30 பலூன்களைப் பறக்கவிட்டுச் சோதித்தனர். அவை விமானங்கள் செல்லும் உயரத்தைப்போல் இருமடங்காகிய ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தன. சூரிய ஒளித் தகடுகள் பகலில் மின்சாரம் தந்தன. மின்கலங்கள் அதனை இரவுக்குச் சேமித்து வைத்தன.

பலூனுக்குச் சுக்கானும் இல்லை. இயந்திர விசிறியும் இல்லை. காற்றடித்த வழியே செல்லும் பொருளை ஓர் ஊரின்மேல் நிறுத்துவது யாங்ஙனம்? இதனை அவர்கள் தீர்த்த வகை நயமுடையது. அவ்வுயர் வானில் காற்றுகள் அடுக்கடுக்காக வீசுகின்றன. ஓர் அடுக்கில் கீழ்க்காற்று வீசும்போது, அதற்கு மேலடுக்கில் மேல்காற்று வீசக்கூடும். பலூனின் உள்ளே மற்றொரு பை உண்டு. அதற்குள் வெளிக்காற்றை அடைத்தால் பலூன் கனத்துத் தாழும். அக்காற்றை வெளிவிட்டால் இலேசாகி உயரும். ஆகவே வேண்டிய திசையில் வீசும் காற்று எவ்வடுக்கில் உளதோ அவ்வடுக்குக்கு ஏறியோ இறங்கியோ அக்காற்றின் மேல் அமர்ந்து செல்லலாம். பாய்மரக்காரன் பருவக்காற்றுக்குக் காத்திருந்தான். இவர்களோ காற்றைத் தேடி மாடிப்படி ஏறி இறங்கினர். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதைக் கணிப்பொறியே பயின்று தேர்ந்தது. தொடக்கத்தில் சில நாட்களே தாக்குப்பிடித்த பலூன்கள் பின்னர் மாதக்கணக்கில் பறந்தன. 2019இல் புறப்பட்ட ஒன்று 312 நாட்கள் வானில் இருந்தது.

நம் அண்டை நாடாகிய இலங்கைக்கும் இம்முயற்சியில் ஒரு தொடர்பு உண்டு. தீவு முழுவதற்கும் பலூன் வழித் தொடர்பு அளிப்பதென 2015இல் உடன்படிக்கை ஆயிற்று. 2016 பிப்ரவரியில் ஒரு பலூன் சோதனைக்காக அந்நாட்டு வானை அடைந்து, மலைநாட்டில் கம்பளைக்கருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிற்று. அலைவரிசை ஒதுக்குவதில் எழுந்த சிக்கல்களால் அங்கு அத்திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் 2017இல் மரியா என்னும் பெரும்புயல் போர்ட்டோ ரிக்கோத் தீவின் கோபுரங்களை வீழ்த்தியபோது, இப்பலூன்கள் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குத் தொடர்பு அளித்தன. 2020 ஜூலையில் கென்யா நாட்டில் ஏறக்குறைய 35 பலூன்களைக் கொண்டு, 50,000 சதுர கிலோமீட்டர் அளவினதாகிய நிலப்பரப்பின்மேல் வாணிக முறையில் சேவை தொடங்கிற்று. மேடையும் ஆயிற்று, குரங்கும் பேசிற்று.

எனினும் 2021 ஜனவரியில், லூன் கம்பெனி மூடப்பெறும் என்று அறிவித்தனர். பலூன்கள் பழுதுபடவில்லை; அறிவியல் பொய்க்கவில்லை. தொடர்பற்ற மக்கள் பெரும்பாலும் வறியவர். அவர்கள் கொடுக்கவல்ல கட்டணத்துக்குள் அடங்குமாறு செலவைக் குறைக்க வழி காணவில்லை. அப்பத்தாண்டுகளில் மண்மேல் நின்ற சாதாரணக் கோபுரங்களும் பல இடங்களுக்குப் பரவிவிட்டமையின், பலூன் ஒன்றே வழி என்றிருந்த இடங்களும் குறைந்தன. ஒரு பொருள் இயங்குமா என்பது ஒரு வினா. அதன் செலவை உலகம் தாங்குமா என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை காண்போர் இரண்டாவதற்கும் விடை கண்டுவிட்டதாக எண்ணிவிடுதல் இயல்பு. லூனின் வரலாறு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

ஈண்டு ஒரு தடை எழும். 'செல்வம் மிக்க ஒரு கம்பெனி விளையாட்டாகப் பொருளை வாரியிறைத்துப் பின் கைகழுவுதலை நாம் ஏன் புகழ வேண்டும்?' என்று சிலர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எக்ஸில் பிறந்து வெளியேறிய கம்பெனிகள் உள்ளிட்ட தன் புதுத்தொழில்கள் யாவற்றாலும் ஆல்ஃபபெட் கம்பெனியார்க்கு 2019இல் வந்த வருவாய் ஏறத்தாழ 66 கோடி டாலர். நட்டமோ ஏறத்தாழ 480 கோடி டாலர். விளம்பரத்தால் வரும் பெருவருவாய் இல்லாத எவர்க்கும் இத்தகைய தோல்விகளைத் தாங்குதல் அரிது. அன்றியும், நிறுத்துவது எப்போது என்று தீர்மானிப்போர் கம்பெனியாரே. அதனால் பயன்பெற்ற மக்களிடம் எவரும் இசைவு கேட்பதில்லை. கென்யாவில் சேவை தொடங்கி ஓராண்டு நிறையுமுன் அது நின்றது. அந்நாட்டில் இணையத் தொடர்பு, கல்வி முதலியவற்றுக்கு உழைக்கும் சங்கங்களுக்கு 1 கோடி டாலர் உதவுவதாகக் கம்பெனியார் உறுதி கூறினர், அது நன்றே. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருத்தைக் கைவிடுவதும், ஓர் ஊரார் நம்பியிருக்கும் விளக்கை அணைப்பதும் ஒன்றல்ல. மக்கள் வாழ்க்கைக்குள் புகுந்தபின் விரைவாக நிறுத்துதல் என்னும் விதி அப்படியே நன்மையாகிவிடாது. நிறுத்த வேண்டுவன புகுமுன் நிறுத்தப்படல் வேண்டும். அதற்காகவே அரியதை முதலில் சோதிப்பது. லூனில் அரியதாய் நின்றது காற்றன்று, கட்டணமே. அதனைச் சோதித்தது இறுதியில்தான்.

மக்களை மறந்த பிழைக்கு வேறொரு சான்றும் உண்டு. கணிப்பொறியும் புகைப்படக் கருவியும் பொருத்திய மூக்குக்கண்ணாடியை 2013இல் 1,500 டாலர் விலைக்குச் சிலரிடம் விற்றனர். அதனை அணிந்தோர் தம்மை எப்போது படமெடுக்கின்றனரோ என எதிரே நின்றோர் அஞ்சினர்; சில உணவுச்சாலைகள் அதனை அணிந்து உட்புகுதலைத் தடுத்தன. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினர். தொழிற்சாலைப் பணியாளர்க்கென மறுவடிவில் வந்தபின், அதுவும் 2023இல் நின்றது. கண்ணாடி அணிவோன் என்ன காண்பான் என்று ஆராய்ந்தவர்கள், அவனைக் காண்போர் என்ன நினைப்பர் என்று போதிய அளவு ஆராய்ந்திலர்.

இவ்வளவும் கூறியபின், லூனின் எச்சத்தைக் கூறாது விடின் கட்டுரை நிறைவுறாது. ஒரு பலூனிலிருந்து மற்றொரு பலூனுக்குச் செய்தி அனுப்ப, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஒளிக்கற்றையை அக்குழுவினர் பயன்படுத்தினர். 100 கிலோமீட்டர் இடையிட்ட பலூன்களுக்கிடையே அது சென்று சேர்ந்தது. அவ்வொளியை மண்மேலுள்ள கோபுரங்களுக்கிடையே செலுத்தினால் என்ன என்று சிலர் எண்ணினர். அதுவே 'தாரா' என்னும் முயற்சி. ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் இரு கரைகளில் பிரசவில், கின்ஷாசா என்னும் இரு தலைநகரங்கள் எதிரெதிரே உள்ளன. இடைத்தூரம் 5 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயினும் ஆறு ஆழமும் விரைவும் உடையதாகலின், செய்திக் கம்பியை 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் கின்ஷாசாவில் இணையக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்திருந்தது. தாராவின் ஒளிக்கற்றை ஆற்றை நேரே கடந்தது. 2021இல் 20 நாட்களில் ஏறத்தாழ 700 டெராபைட் செய்தி இவ்வழியே சென்றது. ஒரு டெராபைட் என்பது ஆங்கில எழுத்துகள் இலட்சம் கோடி அடங்கும் அளவு. கோபுரம் காற்றில் சிறிது அசைந்தாலும் குறி தவறுமாதலின், கருவியினுள் உள்ள கண்ணாடிகள் தாமே திரும்பிக் குறி காக்கின்றன. மூடுபனி இதற்குப் பகை. பனி மிகுந்த ஊர்களுக்கு இஃது ஏலாது. 2025 மார்ச்சில் தாரா எக்ஸிலிருந்து பிரிந்து தனிக் கம்பெனியாயிற்று.

பலூன் இறங்கிற்று, அதன் ஒளி மட்டும் எஞ்சி, வேறோர் ஊரில் வேறொரு பணி செய்கின்றது. இவ்வாறு எஞ்சுதல் தற்செயலாக நிகழ்வதன்று. லூன் குழுவினர் தாம் கற்றவற்றையும், நெடும் பறத்தல்களில் திரட்டிய காற்றுக் குறிப்புகளையும் வெளியிட்டுச் சென்றனர். ஃபாக்ஹார்ன் குழுவினரும் தம் கணக்கை மறைத்திலர். எழுதி வைத்த தோல்வியே அடுத்தவர்க்கு ஏணியின் படியாகும். எழுதாத தோல்வி வெறும் இழப்பேயாம்.

நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கோடி டாலர்கள் இல்லை, வேண்டுவதும் இல்லை. சோதனை பலியாத நாளில் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, அடுத்த மாணவனின் ஏட்டைப் பார்த்து எதிர்பார்த்த விடையை எழுதிவிடும் வழக்கம் மாணவரிடையே எங்கும் உண்டு. அவ்விடை மதிப்பெண் தரலாம், அறிவு தாராது. கிடைத்த விடையை உள்ளவாறே எழுதி, அஃது ஏன் வேறுபட்டது என்று ஒரு வரி சேர்ப்போமாயின், எக்ஸின் விலைமதிப்பற்ற கருவியை நாமும் செலவின்றிப் பெற்றவராவோம். எட்டாக் கனியை நோக்குவதில் இழுக்கில்லை. ஏணியின் எப்படி வரை மரம் தாங்கிற்று, எப்படியில் முறிந்தது என்று குறித்து வைத்துவிட்டு இறங்குவோமாக. பின்னர் ஏறுவோர் அப்படியை இரும்பாற் செய்துகொள்வர்.